வாழ்நாள் பயணத்தைத் திட்டமிட்டுத் தரும் சேவை: எந்தப் பாதிக்குப் பணம் கொடுக்கலாம்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இத்தோடு போய்விடலாம். பெரிய உலகப் பயணத்தை நமக்கென்றே தனியாகத் திட்டமிட்டுத் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன அல்லவா, அப்படி ஒன்றிடம் எங்கள் பயணம் முழுவதையும் ஒப்படைத்தோம். உள்ளே போக அனுமதி அளவோடு கிடைக்கிற இடங்கள், சில வாரங்கள் மட்டுமே பார்க்க லாயக்கான இடங்கள், இவற்றுக்காக அவர்கள் வாங்கிய கட்டணம் தகும். நகரங்கள், ஓட்டல்கள், நடுவழியில் கோளாறு வந்தால் கைகொடுப்பது, இதிலெல்லாம் சுமார்தான், சில இடங்களில் சுமாருக்கும் கீழே. பெயர் சொல்லப்போவதில்லை. கையெழுத்துப் போடும் முன் வேறு சில நிறுவனங்களிடமும் பேசிப் பார்த்தேன், எல்லோரும் ஏறக்குறைய இதே மாதிரிதான் வேலை செய்கிறார்கள், அதனால் பெயரைவிட எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு திட்டமிடும் கட்டணம் கட்ட வேண்டும், அது திரும்ப வராது, பயணத்தை அவர்களிடமே எடுத்தால் மொத்தத் தொகையில் கழித்துக்கொள்வார்கள். அப்புறம் ஒரு கேள்வித்தாள் வரும். உங்களுக்கு ஆடம்பரம் பிடிக்குமா சாகசம் பிடிக்குமா, கலாசாரமா இயற்கையா என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தார்கள், எல்லாமும்தான் பிடிக்கும், இதற்கு என்ன பதில் எழுதுவது? அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு தொலைபேசியில் பேசிய ஆலோசகர், நடுத்தர வயதுப் பெண்மணி, அந்தத் தாளைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. மகளின் பிறந்த தேதி என்ன, மூன்று பேரில் யாராவது 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவு தூங்கியிருக்கிறீர்களா, எந்த மாதம் கிளம்பியே ஆக வேண்டும், எந்த மாதம் திரும்பியே ஆக வேண்டும், இவ்வளவுதான் கேட்டார். விஷயம் தெரிந்தவர் என்று அப்போதே பட்டது.

பிறந்த தேதி எதற்கு என்றால், மலை கொரில்லாவைப் பார்க்க ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் 15 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு கொரில்லாக் கூட்டத்தை ஒரு நாளைக்கு எட்டுப் பேர்தான் பார்க்கலாம், அதுவும் ஒரு மணி நேரம். எங்கள் மகளுக்கு அந்த வயது வரச் சில மாதங்கள் பாக்கி. நீங்கள் இருவரும் போய்விட்டு வாருங்கள், பிள்ளை ஓட்டலில் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கு நல்ல வருமானம், கொரில்லா பெர்மிட் ஒன்றும் மலிவு இல்லை. அந்தப் பெண்மணி அதைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார், அவள் பெரியவளானதும் மூவருமாகப் போய்க்கொள்ளுங்கள் என்று. வேறொரு நிறுவனம் இதே கொரில்லாவை வயதைக் கேட்காமலேயே முதல் வரைவில் போட்டு அனுப்பியிருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

இப்படி வேண்டாம் என்று சொல்கிற இடங்களில்தான் இந்தச் சேவையின் மதிப்பே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். எங்கள் விருப்பப் பட்டியலில் பொலிவியாவின் உயுனி உப்புப் பாலைவனமும் பெருவின் மச்சு பிச்சுவும் அடுத்தடுத்து இருந்தன, வரைபடத்திலும் பக்கத்துப் பக்கத்து நாடு, ஒரே மூச்சில் பார்த்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். விளம்பரங்களிலும் இரண்டு படங்களையும் ஒரே பக்கத்தில்தான் போடுகிறார்கள். ஒன்றில் வானம் முழுக்கத் தரையில் கவிழ்ந்து கிடக்கிற கண்ணாடி, இன்னொன்றில் நீல வானத்துக்குக் கீழே பளிச்சென்று மலைக்கோட்டை. ஆனால் அந்தக் கண்ணாடி வேண்டுமானால் உப்பின் மேல் மழைத் தண்ணீர் நிற்க வேண்டும், அது ஏறக்குறைய ஜனவரி முதல் மார்ச் வரை. மச்சு பிச்சுவில் தெளிந்த வானம் வேண்டுமானால் மழை இருக்கக் கூடாது, அது மே முதல் செப்டம்பர் வரை. இரண்டு படமும் வேறு வேறு மாதத்தில் எடுத்தவை. மழைக்காலத்தில் மச்சு பிச்சு போனால் பல நாள் காலையில் மேகம் மட்டும்தான் தெரியும், வறண்ட காலத்தில் உயுனி போனால் அறுகோணக் கட்டங்களாக வெடித்த வெள்ளைத் தரை, அதுவும் அழகுதான், ஆனால் நாம் ஆசைப்பட்டது அது இல்லை.

ஆலோசகர் என்ன செய்தார் என்றால், உயுனியை மார்ச் தொடக்கத்தில் வைத்து, நடுவில் ஈக்வடாரின் கலாபகோஸ் தீவுகளைச் செருகி, பெருவை ஏப்ரல் கடைசிக்குத் தள்ளினார். வரைபடத்தில் பார்த்தால் கோணல் மாணலான பாதை, மேலே போய் மறுபடி கீழே வருகிறது, விமானச் செலவும் கொஞ்சம் கூடியது. மனைவி இதைப் பார்த்துவிட்டு இவர்களுக்கு பூகோளம் தெரியாதா என்றுதான் முதலில் கேட்டாள். காரணத்தைச் சொன்னதும் அடங்கிவிட்டாள். உயுனியில் கணுக்காலுக்குக் கீழே தண்ணீர், 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த சமதளம், அடிவானம் என்று ஒரு கோடே இல்லாமல் போன அந்தச் சாயங்காலத்தில் வண்டியின் டயர்கூட இரண்டாகத் தெரிந்தது. ஏப்ரல் கடைசியில் மச்சு பிச்சுவில் மழை விட்டிருந்தது, புல் இன்னும் பச்சையாக இருந்தது, கூட்டமும் உச்சத்துக்கு வரவில்லை. நானாகத் திட்டமிட்டிருந்தால் நிச்சயம் இரண்டையும் ஒரே வாரத்தில் போட்டிருப்பேன்.

உயரம் இன்னொரு விஷயம். உயுனி சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லா பாஸ் நகரத்துக்கான எல் ஆல்டோ விமான நிலையம் 4,000 மீட்டருக்கும் மேல், கடல் மட்டத்திலிருந்து கிளம்பி நேரே அங்கே இறங்கினால் பலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் ஒன்றாக வரும். எங்களை 2,800 மீட்டர் அளவில் இருக்கிற சுக்ரே நகரத்தில் முதலில் இறக்கி, உடம்பு பழகிய பிறகுதான் மேலே ஏற்றினார்கள். பெருவிலும் அதே சூத்திரம். விமானம் இறங்குகிற குஸ்கோ நகரம் 3,400 மீட்டர், மச்சு பிச்சு அதைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் தாழ்வு, 2,430தான். இது பலருக்குத் தெரியாது, குஸ்கோவில் இரண்டு நாள் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்துவிட்டு மச்சு பிச்சு போவார்கள். எங்களை விமான நிலையத்திலிருந்து நேரே கீழே புனிதப் பள்ளத்தாக்குக்கு அனுப்பிவிட்டு, குஸ்கோவைக் கடைசிக்கு வைத்தார்கள். மூவரில் ஒருவருக்கும் மாத்திரை தேவைப்படவில்லை.

மனைவிக்கு வடதுருவ ஒளி பார்க்க ஆசை. திரும்பும் வழியில் நார்வேயையோ ஐஸ்லாந்தையோ சேர்த்துவிடுங்கள் என்று கேட்டாள். முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஒளி இருக்கும், ஆனால் இருட்டு இருக்காது, மே மாதத்தில் அந்த ஊர்களில் இரவு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, செப்டம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் போனால்தான் வாய்ப்பு, அப்போதும் மேகம் கெடுக்கலாம், எனவே ஓர் இரவுக்காகப் போகாதீர்கள், ஒரு வாரம் ஒதுக்கிப் போங்கள் என்றார். அதற்குப் பதிலாக அந்த நேரத்தில் தெற்கே இரவு நீளும் என்று நியூசிலாந்தின் ஆவோராகி மெக்கென்சி பகுதியைச் சொன்னார். 2012 முதல் அது சர்வதேச இருள்வானக் காப்பகம், 4,300 சதுர கிலோமீட்டருக்கு மேல் விளக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள். பால்வீதி நடுவானத்தில் அவ்வளவு தடிமனாகத் தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை. மாற்றுச் சரக்கு என்று அலட்சியமாகத்தான் போனோம், மகளைக் கேட்டால் மொத்தப் பயணத்தில் அதைத்தான் முதலில் சொல்கிறாள்.

தான்சானியாவின் செரெங்கெட்டியிலும் இதே கதை. ஆற்றைக் கடக்கிற வில்டபீஸ்ட் என்னும் காட்டுமான் கூட்டம், முதலை, தூசி, எல்லோரும் பார்த்த அந்தக் காட்சி ஜூலைக்கு மேல் வடக்கே மாரா ஆற்றில் நடப்பது. நாங்கள் போனது பிப்ரவரி. அந்தச் சமயத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மான்களும் தெற்கே நுடுட்டு பக்கம் குட்டையான புல்வெளியில் கன்று ஈன்றுகொண்டிருக்கும். ஆறு கடப்பதைவிட இது மேல் என்று அவர் அடித்துச் சொன்னார். ஆற்றங்கரையில் மணிக்கணக்கில் காத்திருந்தும் கூட்டம் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் நாட்கள் உண்டாம், கன்று ஈனுவது அப்படி இல்லை, எல்லாப் பக்கமும் நடக்கும். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வண்டியை அணைத்துவிட்டு நின்றோம், இருபது அடி தூரத்தில் ஒரு கன்று விழுந்தது, ஈரம் காயவில்லை, முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்து மூக்கு தரையில் இடித்து விழுந்தது, மறுபடி எழுந்தது, பின்னங்கால் இரண்டும் வேறு வேறு திசையில் போயின, மூன்றாவது தடவை நின்றுவிட்டது, நின்ற கையோடு தாய்க்குப் பின்னால் ஓடவும் தொடங்கிவிட்டது. எல்லாம் சில நிமிடங்கள். கழுதைப்புலி ஒன்று தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. ஓட்டுநர் ஒன்றும் பேசவில்லை, அதுவே பெரிய உதவி.

அண்டார்டிகாவுக்கு வருகிறேன், மொத்தப் பணத்தில் பெரும் பங்கு அங்கேதான் போயிற்று. போகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அறை எப்படி, சாப்பாடு எப்படி என்பதில்லை, கப்பலில் எத்தனை பேர் என்பதுதான். ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது என்பது விதி, 500 பேருக்கு மேல் ஏற்றி வருகிற கப்பலிலிருந்து யாரும் கரையிறங்கவே முடியாது, தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். 400 பேர் கப்பல் என்றால் முறை வைத்து இறக்குவார்கள், நம் முறை வருகிறவரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க வேண்டும். விலைப் பட்டியலில் மலிவாகத் தெரிகிற கப்பல்கள் பெரும்பாலும் பெரிய கப்பல்கள், கரையில் நிற்கிற நேரத்தைக் கணக்குப் போட்டால் மலிவு ஒன்றும் இல்லை. எங்களுக்கு இருநூறு பேருக்கும் குறைவான கப்பலைப் பிடித்துக்கொடுத்தார்கள், அறை சின்னதுதான், யார் அறையில் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்?

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லி வைத்தது நல்லதாகப் போயிற்று. திட்டத்தில் எந்தத் தீவில் எந்த நாள் இறங்குவோம் என்று எழுதியிருப்பது சும்மா ஓர் உத்தேசம், காற்றையும் பனிக்கட்டியையும் பார்த்துவிட்டு அன்றன்றைக்குக் கப்பலில் பயணத் தலைவர் முடிவு செய்வார், தீவின் பெயரைச் சொல்லிச் சண்டை போடாதீர்கள் என்றார் ஆலோசகர். கப்பலில் இது தெரியாமல் வந்த ஒரு தம்பதி ஒவ்வொரு நாளும் அச்சிட்ட தாளை எடுத்துக்கொண்டு வரவேற்பு மேசைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், பாவமாக இருந்தது. அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உசுவாயாவில் கப்பலேறும் முன் ஓர் இரவு கட்டாயம் தங்க வைத்தார்கள், பெட்டி வராமல் போனால் தேட ஒரு நாள் வேண்டும் என்று. டிரேக் கடலைக் கடக்கப் போகும்போது இரண்டு நாள், வரும்போது இரண்டு நாள், மகள் முதல் நாள் முழுக்கப் படுத்தே இருந்தாள். பிப்ரவரி கடைசி என்பதால் திமிங்கிலங்கள் நிறைய, பென்குயின் குஞ்சுகள் தாயளவுக்கு வளர்ந்துவிட்டன, ஆனாலும் இரை கேட்டுப் பெற்றோரைத் துரத்திக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடும், முன்னால் போவது கால் தடுக்கி விழ, துரத்துவதும் அதன் மேலேயே விழும். ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி, குஞ்சுகளுக்கு அந்த விதி தெரியாது, நேரே காலடிக்கு வந்துவிடும். பறவைக் காய்ச்சல் காரணமாகத் தரையில் உட்காரவோ மண்டியிடவோ விடவில்லை, கரையிலிருந்து திரும்பும்போதெல்லாம் பூட்ஸைத் தேய்த்துக் கழுவ வேண்டும், அடிப்பள்ளங்களில் சிக்கிய சிறு கல்லைக்கூட ஊசியால் நெம்பி எடுக்கச் சொன்னார்கள். நாற்றம் பற்றி எந்த விளம்பரமும் பேசாது. நான் சொல்லிவிடுகிறேன், பென்குயின் குடியிருப்பு நாறும், அந்த மேல்சட்டை துவைத்த பிறகும் கொஞ்ச நாள் நாறியது.

கலாபகோஸிலும் அவருடைய கேள்வி விசித்திரமாக இருந்தது, எத்தனை நாள் என்று கேட்கவில்லை, எந்தப் பறவை என்று கேட்டார். அங்கே ஒரு கப்பலுக்கு 100 பயணிகள்தான் உச்சவரம்பு, ஒரு வழிகாட்டிக்கு 16 பேர், ஒரே இடத்துக்கு அதே கப்பல் 14 நாளுக்குள் திரும்பப் போகக் கூடாது. அதனால் ஒவ்வொரு கப்பலும் தீவுகளைப் பாதி பாதியாகப் பிரித்து இரண்டு தடத்தில் ஓட்டுகிறது, நாம் ஏறுகிற வாரத்தில் எந்தத் தடமோ அதுதான் நமக்கு. சிவப்புக் கால் பூபி கூட்டமாக வேண்டுமானால் வடகிழக்கே ஜெனோவேசா, அலைவரி அல்பட்ராஸ் வேண்டுமானால் தென்கிழக்கே எஸ்பன்யோலா, அதுவும் அந்தப் பறவை ஏறக்குறைய அந்த ஒரு தீவில் மட்டும்தான் முட்டையிடுகிறது, ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரைக்கும்தான் அங்கே இருக்கும். தேதியை ஒரு வாரம் நகர்த்தினால் வேறு கலாபகோஸ் பார்ப்போம் என்று சொல்லலாம். இந்தத் தகவலெல்லாம் தேடினால் கிடைக்கும்தான், ஆனால் தேட வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டுமே.

மச்சு பிச்சு டிக்கெட்டும் அப்படித்தான். இப்போது நேரம் குறித்த டிக்கெட், மூன்று சுற்றுப்பாதைகள், எடுத்த பாதையை விட்டு மாற முடியாது. நாம் எல்லோரும் மனதில் வைத்திருக்கிற அந்தப் படம் முதல் பாதையிலும் இரண்டாவது பாதையிலும் கிடைக்கும், மூன்றாவது கீழ்ப்பகுதியோடு முடிந்துவிடும். கடைசி நேரத்தில் எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் மிச்சமிருப்பது எது என்று சொல்லத் தேவையில்லை. நடந்தே போகிற இன்கா பாதைக்கு, சுமை தூக்குபவர்களையும் வழிகாட்டிகளையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேர்தான், பிப்ரவரி முழுக்க மூடிவிடுவார்கள். நாங்கள் நடக்கவில்லை, ரயிலில்தான் போனோம்.

உலகம் சுற்றும் ஒற்றை டிக்கெட் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்ட் போன்ற விமானக் கூட்டணிகள் விற்பவை அவை, கிழக்கோ மேற்கோ ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் தாண்ட வேண்டும், ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும். நல்ல திட்டம்தான், ஐரோப்பா, வட அமெரிக்கா, கிழக்காசியா என்று பெரிய நகரங்களைத் தொட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு. எங்கள் பயணம் பெரும்பாலும் தெற்கு அரைக்கோளம், அங்கே கண்டம் விட்டுக் கண்டம் போகிற விமானங்களே குறைவு, ஒரு கூட்டணிக்குள்ளேயே இருக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் வடக்கே ஏறி இறங்க வேண்டியிருக்கும். கணக்குப் போட்டுக் காட்டி அதையும் வேண்டாம் என்றார். திசை மட்டும் மேற்கு என்று அவர் விடாப்பிடியாக நின்றார், நம் உடம்பின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடுவதால் மேற்கே போய் ஒரு நாளை நீட்டுவது அதற்குச் சுலபம், கிழக்கே போய்ச் சுருக்குவதுதான் கஷ்டம். உண்மையிலேயே இந்தப் பயணத்தில் தூக்கம் பெரிதாகக் கெடவில்லை, பசிபிக்கைத் தாண்டும்போது தேதிக்கோட்டில் ஒரு நாள் காணாமல் போனதோடு சரி.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைத் தேதியோடு அவர்களே நினைவூட்டினார்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், 2016 முதல் அது ஆயுளுக்கும் செல்லும். எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குள் நுழைகிறோம் என்பதைப் பொறுத்து கேட்பார்கள், விமானம் மாறக் காத்திருந்த நாடுகூடக் கணக்கில் வரலாம், ஆகவே வரிசை முக்கியம்.

இவ்வளவும் பாராட்டு. இனி மற்றது.

நகரங்களில் இவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள அக்கறை இல்லை. புவெனஸ் அயர்ஸில் காலை ஒன்பது மணிக்கு வண்டி, சதுக்கம், தேவாலயம், கல்லறை, வண்ணம் பூசிய வீதி, மாலை டாங்கோ நடனம், எந்தப் பேருந்துச் சுற்றுலாவிலும் கிடைக்கிற அதே சரக்கு, தனி வண்டி தனி கைடு என்று சொல்லி மூன்று மடங்கு விலை. அந்த நகரத்தில் கால்போன போக்கில் நடந்து ஒரு புத்தகக் கடைக்குள் நுழைந்து உட்கார்ந்திருப்பதுதான் சுகம், அதற்கு நேரம் விட்டால்தானே. காலியான நாள் என்றாலே இவர்களுக்குப் பயம், வாடிக்கையாளர் சும்மா இருந்தால் காசு வீண் என்று நினைத்துவிடுவார் என்று அஞ்சுகிறார்கள்போல. முதல் வரைவில் வாரக்கணக்கில் ஒரு நாள்கூட வெறுமனே இல்லை. சண்டை போட்டுத்தான் சில நாட்களைக் காலியாக்கினேன், அப்போதும் ‘ஓய்வு நாள்’ என்று எழுதி அதற்குள் விருப்பப் பயணம் என்று ஒன்றைச் செருகியிருந்தார்கள். பெரிய பயணத்தில் துணி துவைக்க வேண்டும், நகம் வெட்ட வேண்டும், முந்தின வாரம் பார்த்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். இது யாருடைய திட்டத்திலும் இருப்பதில்லை.

ஓட்டல்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, அவை தரகுக்காகப் போட்டவை. நான்கு நாடுகளில் ஒரே குழுமத்தின் ஓட்டல்கள் வந்தால் வேறு என்ன நினைப்பது? இன்னொன்று கேட்டேன், அறையே காலி இல்லை என்றார்கள், நானே எழுதிக் கேட்டபோது இருந்தது. கேட்டால் மாற்றித் தருகிறார்கள், நியாயம், ஆனால் கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் கையெழுத்துக்கு முன் நேரடியாகவே கேட்டுவிடுங்கள், உங்கள் வருமானம் என் கட்டணத்தில் இருந்தா, ஓட்டல் தருகிற தரகில் இருந்தா, இரண்டிலும் இருந்தா என்று. பதில் சொல்லத் தடுமாறினால் ஓட்டலை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் எங்கே போய் உட்கார்கிறது என்பதையும் கேட்க வேண்டும். கப்பலுக்கும் பெர்மிட்டுக்கும் பல மாதங்களுக்கு முன்பே பெரும் தொகை கட்டச் சொல்வார்கள், கிளம்பும்வரை அது தனிக் கணக்கில் பாதுகாப்பாக இருக்கிறதா, நிறுவனம் மூழ்கினால் யார் திருப்பித் தருவார்? இது வெறும் பயம் இல்லை. பிரிட்டனின் தாமஸ் குக் 1872-லேயே 222 நாள் உலகச் சுற்றுப்பயணம் நடத்திக் காட்டியது, இந்தத் தொழிலுக்கே பிள்ளையார் சுழி போட்ட நிறுவனம் என்று சொல்லலாம், அது 2019 செப்டம்பர் 23 அன்று ஒரே நாளில் மூடியது. அப்போது வெளிநாட்டில் இருந்த ஒன்றரை லட்சம் பிரிட்டிஷ் பயணிகளை அந்நாட்டு அரசுதான் விமானம் பிடித்துக் கூட்டிவந்தது. எங்கள் நிறுவனம் இந்தக் கேள்விக்கு உத்தரவாதப் பத்திரத்தோடு பதில் சொன்னது, அதற்கு மதிப்பெண் உண்டு. காப்பீட்டில் மட்டும் கைகழுவிவிட்டார்கள், ஓர் இணைப்பை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் உட்கார்ந்து படித்தபோது 3,000 மீட்டருக்கு மேல் பாதுகாப்பு இல்லை என்று அதில் ஒரு வரி இருந்தது! உயுனிக்கும் குஸ்கோவுக்கும் அனுப்புகிறவர்கள் படிக்க வேண்டிய வரி அல்லவா அது. வேறு காப்பீடு எடுத்தோம், அண்டார்டிகாவிலிருந்து நோயாளியை வெளியேற்றும் செலவும் சேர்ந்ததாக.

சின்னச் சின்ன எரிச்சல்களும் உண்டு. செரெங்கெட்டிக்குப் போகிற குட்டி விமானத்தில் கைப்பையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோ, சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி கூடாது, துணிப் பைதான். இதைக் கிளம்புவதற்கு முந்தின வாரம் சொன்னார்கள். அண்டார்டிகாவுக்கான குளிர் உடைகளோடு ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்களிடம் சொல்ல வேண்டிய நேரமா அது? திட்டம் முழுவதும் கைப்பேசிச் செயலியில் இருக்கும் என்று பெருமையாகச் சொன்னார்கள், சிக்னல் இல்லாத இடத்தில் அது திறக்கவில்லை. மனைவி முன்யோசனையாக எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரு கோப்பில் வைத்திருந்தாள், கடைசிவரை அந்தக் கோப்புதான் ஓடியது.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் வந்தது உயுனியில். மழையால் எங்கள் விமானம் ரத்து. லா பாஸிலிருந்து மறுநாள் காலை அடுத்த விமானம். இருபத்து நான்கு மணி நேர உதவி எண் என்று ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்ததை அழைத்தேன். நீண்ட நேரம் இசை, அப்புறம் ஒரு பையன் எடுத்தான், மரியாதையாகத்தான் பேசினான், ஆனால் எங்கள் பயணக் கோப்பைத் திறக்க அவனுக்கு அனுமதி இல்லையாம், எங்கள் ஆலோசகர் காலையில் வந்ததும் சொல்கிறேன் என்றான். யாருடைய காலை? எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் வண்டி ஓட்டுநர், தொலைபேசியை வைக்கும்படி எனக்குக் கையைக் காட்டினார், தம்பியை அழைத்தார், எரிபொருள் நிரப்பிக்கொண்டார், இரவெல்லாம் இருவரும் மாறி மாறி ஓட்டி விடியும் முன் எல் ஆல்டோவில் இறக்கிவிட்டார்கள். விமானத்தைப் பிடித்துவிட்டோம். அந்த ஓட்டுநரைத் தேர்ந்தெடுத்ததும் இதே நிறுவனம்தானே என்று மனைவி நினைவுபடுத்தினாள், அதுவும் வாஸ்தவம். உள்ளூரில் அவர்கள் வைத்திருக்கிற ஆட்கள் எல்லா இடத்திலும் தங்கம், தலைமை அலுவலகம்தான் தூங்குகிறது. நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டு அந்த இரவுச் செலவைத் திருப்பிக் கொடுத்தது, ஓட்டுநருக்குத் தனியாக ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

போகிறவர்கள் முதல் அழைப்பிலேயே ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். நடக்காத ஒன்றைக் கேளுங்கள், ஜூன் மாதத்தில் வடதுருவ ஒளி, அல்லது பிப்ரவரியில் இன்கா பாதை. ஏற்பாடு செய்துவிடலாம் என்று உற்சாகமாகச் சொன்னால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

எங்களுக்கு அடுத்த ஆசை ஒன்று இருக்கிறது. 2027 ஆகஸ்ட் 2 அன்று முழுச் சூரிய கிரகணம், எகிப்தின் லக்ஸர் பக்கம் ஆறு நிமிடத்துக்கு மேல் சூரியன் மறைந்திருக்கும். அதே பெண்மணிக்கு எழுதினேன், கிரகணத்தைச் சுற்றி மூன்று இரவுகளுக்கு அறையும் பார்க்க நல்ல இடமும் மட்டும் பிடித்துக் கொடுங்கள், கட்டணம் என்னவோ வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று. துண்டு துண்டாக எடுத்துச் செய்வதில்லை, முழுப் பயணமாக இருந்தால்தான் எடுப்போம் என்று நிறுவனத்தின் பெயரில் ஒரு கடிதம் வந்தது. அதன் கீழே அவர் தன் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார், மேலே பேசிப் பார்க்கிறேன், அதுவரை வேறு எங்கும் முன்பணம் கட்டிவிடாதீர்கள் என்று. காத்திருக்கிறோம்.